குடத்துக்குள் யார் பெயர்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது 'லாட்' என்னும் ஆங்கிலச் சொல். நாமெல்லாம் சொல்லிப் பழகிய லாட்டரிக்கு அதுதான் தாய். தற்செயலைக் குறிக்கும் ஓர் அயல்மொழிச் சொல்லைப் பற்றித் தஞ்சாவூரில் நின்று பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. அந்தச் சொல் எந்தச் செயலிலிருந்து பிறந்ததோ, அதே செயலைக் காவிரிக் கரையில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள். அவர்கள் செய்த விதத்தில் ஒரு பெரிய நியாயம் இருந்தது. ஒரு பெரிய அநியாயமும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதால்தான் இந்தப் பொருளுக்கு ஒப்புக்கொண்டேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'ஹ்லாட்'. சீட்டுப் போட்டுப் பார்ப்பதற்காக வெட்டிவைத்த சிறு மரத்துண்டுக்கு அதுவே பெயர். ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுவதிலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. ஜெர்மன் மொழியில் இன்றும் 'லோஸ்' என்கிறார்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98-இல் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இந்தச் சடங்கு வருகிறது. பழமரக் கிளையொன்றை வெட்டித் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம் கீறி, வெள்ளைத் துணியின் மேல் இறைப்பார்கள். பூசாரி வானத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒவ்வொன்றாக மூன்று துண்டுகளை எடுப்பார். அந்த அண்ணாந்த பார்வையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

துண்டைக் குறித்த சொல், துண்டு யாருக்கு எதைக் கொடுத்ததோ அதையும் குறிக்கத் தொடங்கியது. சீட்டில் விழுந்த பங்கு 'லாட்' ஆயிற்று. சீட்டில் விழுந்த நிலமும் 'லாட்' ஆயிற்று. வீட்டுமனைக்கு அமெரிக்காவில் இன்றும் அதுதான் பெயர். ஏலத்தில் ஒன்றாகக் கட்டிவைத்த சரக்கு லாட். நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பருத்தியை லாட் லாட்டாக வைத்துத்தானே ஏலம் விடுகிறார்கள்! மனிதனுக்கு வாய்த்த வாழ்வும் ஆங்கிலத்தில் அவனுடைய லாட்தான். ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுப்பதை 'அலாட்' பண்ணுவது என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். இதே சொல் ஐரோப்பாவின் தெற்கே போய், இத்தாலியில் பந்தயச் சூதாகி, லாட்டரி என்ற புதுப் பெயரோடு இங்கிலாந்துக்குத் திரும்பியது. துறைமுகங்களைச் செப்பனிடப் பணம் வேண்டுமென்று முதலாம் எலிசபெத் அரசி 1567-இல் ஓர் அரசு லாட்டரியை அறிவித்தார். 1569-இல் குலுக்கல் நடந்தது.

ஆகவே இந்தச் சொல்லின் வாழ்க்கையில் இரண்டு காலம் உண்டு. முதற் காலத்தில் அது எல்லோருக்கும் உரியதைப் பிரித்துக் கொடுக்கும் கருவி. இரண்டாம் காலத்தில், எல்லோரிடமும் வாங்கி ஒருவர் மடியில் கொட்டும் கருவி. குலுக்குகிற கை ஒன்றுதான். செய்கிற காரியம் நேர் எதிரானது.

தமிழிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். சீட்டு என்கிறோம். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருபது பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டு நடத்தும் குலுக்குச் சீட்டும் சீட்டு, கடையில் விற்ற பரிசுச் சீட்டும் சீட்டு. குலுக்குச் சீட்டில் இருபது பேருக்கும் ஆளுக்கு ஒரு முறை மொத்தத் தொகை கிடைத்தே தீரும். யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பதை மட்டும் குலுக்கல் சொல்லும். தொகையில் அது கை வைக்காது. பரிசுச் சீட்டில் தொகையே குலுக்கலின் கையில். தமிழ்நாட்டில் 1968-இல் அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 2003 ஜனவரியில் அரசே அதைத் தடை செய்தது. இடைப்பட்ட அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அன்றாடக் கூலிப் பணம் எத்தனை வீடுகளில் அடுப்புக்குப் போகாமல் சீட்டுக்குப் போனது என்பது இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி இதற்கு மேல் நான் பேசப்போவதில்லை. என் கவனம் பங்கு பிரித்த சீட்டின் மேல்தான்.

விதியையும் பங்கையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதா? இல்லை. கிரேக்கத்தில் 'மொய்ரா' என்றால் பங்கு, விதியும் அதுவே. 'கிளேரோஸ்' என்றால் குலுக்கற் சீட்டு, சீட்டில் விழுந்த விளைநிலமும் அதுவே. நம் மொழிக்கு வாருங்கள். 'பால்' என்றால் பகுதி. தொல்காப்பியத்தில் ஆணையும் பெண்ணையும் கூட்டிவைக்கும் ஊழைக் குறிப்பதும் அதே பால். 'ஊழ்' என்பதற்கு விதி என்று பொருள் சொல்கிறோம். முறை என்றும் அதற்குப் பழைய பொருள் உண்டு, வரிசையாக ஒருவர்பின் ஒருவராக வருகிற முறை. வடமொழியில் பாகம் என்றால் பங்கு. அதிலிருந்து வந்ததுதான் பாக்கியம். தாயம் என்றால் தந்தை வழியில் வரும் சொத்துரிமை. திண்ணையில் உருட்டும் தாயக்கட்டையில் விழும் ஒன்றும் தாயம். நிலத்தில் பங்குள்ள உறவுக்காரரைத் தாயாதி என்றும் பங்காளி என்றும் சொல்கிறோம்.

இத்தனை மொழிகள் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்தில் வந்து நிற்பதற்கு என்ன காரணம்? என் துணிபைச் சொல்கிறேன். அதிர்ஷ்டம் என்பது வானத்திலிருந்து திடீரென்று விழுவது என்று பழைய உழவுச் சமூகங்கள் நினைக்கவில்லை. ஊரார் சேர்ந்து பகிரும்போது ஒருவர் கைக்கு வருவது எதுவோ அதையே வாய்ப்பு என்று நினைத்தார்கள். பகிர்வு முதலில். விதி என்ற எண்ணம் அதற்குப் பின்னால் வந்தது.

இந்த எண்ணம் வெறும் சொல்லாராய்ச்சியில் நிற்கக் கூடாது, மண்ணில் காட்ட வேண்டும். இனி நம் மாவட்டங்களுக்கு வருகிறேன்.

சோழநாட்டுச் சிற்றூர்களில் நிலவுரிமை மூன்று விதமாக இருந்தது. ஊர் முழுவதும் ஒருவர் கையில் இருந்தால் ஏகபோகம். பலர் கையில் இன்னார் நிலம் இன்னது என்று பிரிந்திருந்தால் பலபோகம். பலருக்கும் பொதுவாக இருந்து, நிலமாகப் பிரியாமல் பங்காக மட்டும் பிரிந்திருந்தால் சமுதாயம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினி அதிகாரிகள் தஞ்சைச் சீமையில் 62,048 மிராசுதாரர்களைக் கணக்கெடுத்தார்கள். ஊர்கள் ஐயாயிரத்துக்கு மேல். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சமுதாய ஊர்கள்.

சமுதாய ஊரில் ஒருவரிடம் உங்கள் வயல் எது என்று கேட்டால், இந்தப் போகத்துக்கு எது என்றுதான் சொல்வார். அவருக்கு நிலையாக உள்ளது பங்கு. ஒருவருக்கு இரண்டு பங்கு இருக்கலாம், இன்னொருவருக்குக் கால் பங்கு. அதை விற்கலாம், அடகு வைக்கலாம், பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பங்குக்குரிய மண் எது என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஊர் நன்செய் முழுவதையும் தரம் பார்த்துக் கரைகளாக வகுப்பார்கள். ஒவ்வொரு கரையிலும் பசையுள்ள மண்ணும் சேரும், களர் பாய்ந்ததும் சேரும். ஆண்டுக்கொரு முறையோ, சில ஆண்டுகளுக்கு ஒரு முறையோ, ஊர் வழக்கப்படி சீட்டுப் போட்டு எந்தக் கரை யாருக்கு என்று மாற்றிக்கொள்வார்கள். கரையீடு என்பது அதன் பெயர். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இல் காட்டிய அதே எல்லிஸ், மிராசு உரிமை பற்றி எழுதிய விடைகளில் இரண்டு சொற்களைப் பதிவு செய்திருக்கிறார். மாறிக்கொண்டிருக்கும் கரை பசுங்கரை. மாறாமல் முடிவாகிவிட்ட கரை அறுதிக்கரை. பசுங்கரை என்ற சொல்லைப் பாருங்கள். அறுத்து முடிக்காததைப் பசுமை என்று சொல்ல உழவர்களால்தான் முடியும்.

எதற்காக இந்தப் பாடு? கழனியில் இறங்கியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, அவற்றின் கிளைகள், வாய்க்கால், கண்ணி வாய்க்கால் என்று பிரிந்து தண்ணீர் மடைக்கு வருகிறது. தலைமடைக்காரன் வயல் நிரம்பி வழிந்த பிறகுதான் கடைமடைக்கு ஈரம் எட்டும். ஆடியில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு ஆவணியில் வந்தால் நாற்று முற்றிப் போயிருக்கும். மழைக் காலத்தில் நிலைமை தலைகீழ். மேட்டு வயல் வடிந்துவிடும், பள்ளத்து வயல் பத்து நாள் மூழ்கிக் கிடக்கும். மண் ஒன்றுதான், விதை ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். மடை எங்கே இருக்கிறது என்பது மட்டுமே ஒருவரை வாழவைத்து இன்னொருவரைக் கடன்காரராக்குகிறது. வாய்க்காலின் எந்த இடத்தில் பிறந்தோம் என்பதை யாரும் உழைத்துச் சம்பாதிக்க முடியாது. இந்தத் தற்செயலை என்ன செய்வது? அதைப் பரம்பரைச் சொத்தாக இறுக விடாமல், இன்னொரு தற்செயலைக் கொண்டு அடிக்கடி கலைத்துவிட்டார்கள் நம் ஊர்க்காரர்கள்.

இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. இது என் ஊகம், ஆனால் வாய்க்காலோடு வாழ்கிறவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இந்த ஆண்டு தலைமடையில் இருப்பவர் அடுத்த கரையீட்டில் கடைமடைக்குப் போகலாம். அப்படியிருக்க அவர் வாய்க்காலின் வாலைத் தூர்ந்துபோக விடுவாரா? கீழே போகிற தண்ணீரை மறித்துக் கட்டத் துணிவாரா? குடிமராமத்து நாளில் மண்வெட்டியோடு வராமல் இருப்பாரா? கடைமடைக்காரரின் துன்பம் நாளைக்குத் தன்னுடையதாகலாம் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில், வாய்க்கால் முழு நீளத்துக்கும் காவல் இருக்கும்.

இங்கிலாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு நகருக்கு அருகே தேம்ஸ் ஆற்றங்கரையில் யார்ன்டன் என்ற ஊர். வெள்ளம் ஏறி வடியும் புல்வெளி அதற்கு உண்டு. அந்தப் புல்லை அறுக்கும் உரிமையை ஆண்டுதோறும் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். அதற்கு 13 மரக் குண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய குடியானவரின் பெயர். பையிலிருந்து குண்டை எடுக்க எடுக்க, புல்லில் காலால் கோடு இழுத்து எல்லை போடுவார்கள். 20ஆம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. ஆற்றங்கரை, பொது நிலம், சீட்டு. எங்கோ இருக்கும் இரண்டு ஆறுகளின் மக்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் கும்பினி அதிகாரிகள் பலருக்குக் கரையீடு பிடிக்கவில்லை. நாளை கைமாறப்போகும் நிலத்துக்கு எவன் எருவடிப்பான், எவன் வரப்பைச் செப்பனிடுவான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அதற்கு அடியில் வேறொரு தேவையும் இருந்தது. இந்தத் துண்டுக்கு இவர் பொறுப்பு, வரி நின்றால் இவர் நிலத்தைத்தான் ஏலம் விட வேண்டும் என்று பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும் அவர்களுக்கு. ஆண்டுக்கு ஆண்டு கைமாறுகிற நிலத்தை வைத்துக்கொண்டு அந்த வரிப் பதிவேட்டை எழுத முடியாது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பட்டா வந்தது, புல எண் வந்தது, பசுங்கரைகள் அறுதிக்கரைகள் ஆயின. கடைசியாக நடந்த சீட்டில் தலைமடை விழுந்தவர் குடும்பத்துக்குத் தலைமடையே நிலைத்தது. கடைமடை விழுந்தவர் குடும்பத்துக்குக் கடைமடையே நிலைத்தது. ஒரு முறை விழுந்த சீட்டைப் பேரப்பிள்ளைகளும் சுமக்க வேண்டியதாயிற்று.

பங்கு பிரித்த சீட்டைப் பற்றிப் பேசும்போது உத்தரமேரூரை விட முடியாது. அது டெல்டா ஊரல்ல, தொண்டை நாட்டு ஊர். ஆனாலும் சோழர் ஆட்சியில், ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியங்கள் என்னும் குழுக்களுக்கு ஆள் எடுக்க நடந்த சீட்டு அது. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது கி.பி. 919, 921. இரண்டாவது ஏற்பாடு செய்யப்பட்டபோது அரசன் ஆணையால் சபையோடு உடனிருந்த அதிகாரி சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டுக்காரர், நம் பக்கத்து மனிதர். கல்வெட்டு விவரிக்கும் காட்சி இது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலைத் துண்டுகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் இடுவார்கள். சபையார் சிறுவர் முதியவர் உட்பட எல்லோரும் கூடியிருப்பார்கள். கோயில் நம்பிமாரில் வயதில் மூத்தவர் மேல்நோக்கிப் பார்த்தபடி, எல்லாரும் காணும்படி குடத்தை எடுத்துக்கொண்டு நிற்பார். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். மறுபடி அந்தச் சிறுவன் ஓர் ஓலை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு உள்ளே இருக்கும் நம்பிமார் அனைவரும் அதை வாசிப்பார்கள். அந்தப் பெயர் ஏற்கப்படும்.

டாசிடஸ் கண்ட பூசாரி வானத்தைப் பார்த்தார். உத்தரமேரூர் நம்பியும் மேலே பார்த்தார். இருவரும் தெய்வத்தைப் பார்த்தார்கள் என்று சொல்லலாம். குடத்துக்குள்ளே பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. விரித்த விரல்களைப் பாருங்கள். இடுக்கில் ஓர் ஓலையை ஒளித்து வைக்க முடியாது. இது தெய்வ நம்பிக்கை உள்ளவர்கள் மனிதர் மேல் வைத்த கவனமான சந்தேகம். கணக்குக் காட்டாமல் பதவியை விட்டவர்களும், அவர்களின் நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் வரவே கூடாது என்று அதே கல்வெட்டு சொல்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர்களுக்கும் இடமில்லை. வாரியத்தின் காலம் 360 நாள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். இவ்வளவு கட்டுக்காவல் நம் காலத்துத் தேர்தல்களில் உண்டா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். இந்தப் பழக்கம் சோழர் கண்டுபிடித்ததும் அன்று. அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலை எடுக்கும் மனிதர்கள் ஓர் உவமையாக வருகிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். குடத்துக்குள் யார் பெயர் போனது?

உத்தரமேரூர்க் கல்வெட்டைத் திறந்து படியுங்கள். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். வேலி என்றால் 20 மா, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6.6 ஏக்கர். தன் மனையில் கட்டிய வீட்டில் வசிக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் ஓதியிருக்க வேண்டும். அரைக்கால் வேலிதான் இருக்கிறது என்றால், கூடுதலாக ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றிருக்க வேண்டும். அது பிராமணருக்குக் கொடையாக விட்ட பிரமதேய ஊர். ஆக, குலுக்கல் அப்பழுக்கற்றது, பட்டியல் குறுகியது. அந்த ஏரியைத் தூர் வாரியவர்கள் பெயர் குடத்துக்குள் இல்லை. அந்த ஊரில் வாழ்ந்த எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை.

கரையீட்டிலும் அப்படியே. பங்காளிகளுக்குள் அது ஒப்பற்ற நீதி. ஆனால் பங்காளி யார்? பங்கு உள்ளவர். 62,048 மிராசுதாரர்களை எண்ணிய ஏட்டில், அவர்கள் நிலத்தை உழுத பள்ளர்களும் பறையர்களும் பங்குக்காரர்களாக வரவில்லை. கரை மாறும்போது பண்ணையாளுக்கு என்ன மாறியது? உழ வேண்டிய வயல் மாறியது. அவ்வளவுதான். சேற்றில் அதே கால், களத்தில் அதே மரக்கால், அளந்து போட்ட அதே கூலி நெல். பங்காளிகள் சில ஆண்டுக்கு ஒரு முறை வாய்ப்பைக் குலுக்கிப் போட்டுப் புதிதாக எடுத்துக்கொண்டார்கள். பண்ணையாளிடமோ, உன் தலையில் எழுதியது இவ்வளவுதான் என்றார்கள். ஒரே ஊர், ஒரே வயல், ஒரே நாள். வரப்பின் மேல் நின்றவனுக்கு விதி மாற்றக்கூடியது, வரப்புக்குக் கீழே நின்றவனுக்கு மாற்றவே முடியாதது. அவனுக்கு விதி என்று சொல்லப்பட்டது விதியே அன்று, பங்கு மறுக்கப்பட்டது. சற்று முன் பால், ஊழ், பாக்கியம் என்று அத்தனை சொற்களைப் பிரித்துக் காட்டினேனே, அது இதைச் சொல்லத்தான்.

1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக அரசு பண்ணையாளையும் ஒரு தரப்பாக ஏற்றது. அதற்குப் பின்னால் டெல்டாவின் சிவப்புக் கொடிச் சங்கங்களின் நெடிய போராட்டம் இருந்தது. ஆனால் சட்டம் வந்த 16 ஆண்டுகளுக்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 அன்று, நெல் கூலியை உயர்த்திக் கேட்ட குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பரிசுச் சீட்டு தொடங்கிய அதே ஆண்டு. அந்த எரிந்த குடிசையைத் தாண்டித்தான் தஞ்சையின் பங்கு முறை பற்றி எவரும் பெருமை பேச முடியும். நானும் தாண்டித்தான் பேசுகிறேன், எளிதாக இல்லை. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராக நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். பட்டாவைப் பெண்கள் பெயரில் எழுதினார்கள். குடத்துக்குள் போகாத பெயர்கள் முதன்முதலாக ஏட்டுக்குள் போன வழிகளில் அதுவும் ஒன்று.

இடையில் ஒரு கிளைக் கதை. தரங்கம்பாடியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1706 ஜூலை 9 அன்று கிறித்தவ ஊழியர் சீகன்பால்க் அங்கே வந்திறங்கினார். அவர் தாய்மொழி ஜெர்மன், 'லோஸ்' என்று சொல்லி வளர்ந்தவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த பிறகு, பழைய ஏற்பாட்டில் ரூத் வரை பெயர்த்துவிட்டு 1719-இல் மறைந்தார். ரூத்துக்கு முன்னால் வரும் நூல்களில் ஒன்று யோசுவா. கானான் நிலத்தை இசுரவேலரின் குலங்களுக்குச் சீட்டுப் போட்டுப் பிரித்த கதை அந்த நூலில்தான் வருகிறது. ஊர் நிலத்தைச் சீட்டில் பிரித்துவந்த ஒரு நாட்டுக்கு, சீட்டில் நிலம் பிரித்த வேதக் கதை அப்படி வந்து சேர்ந்தது. 1760-இல் மொராவியச் சகோதரர்கள் என்னும் இன்னொரு கிறித்தவக் குழுவும் தரங்கம்பாடிக்கு வந்து, அருகே ஒரு தோட்டம் அமைத்துத் தங்கியது. அவர்கள் திருமணம், பணி நியமனம் போன்ற வாழ்க்கை முடிவுகளுக்குக்கூடச் சீட்டுப் போட்டு இறைவன் திருவுளத்தை அறிகிறவர்கள். அதே சுற்றுவட்டாரத்தில் சைவர்கள் தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்துத் திருவுளம் அறிந்தார்கள். பிள்ளையில்லாத அச்சுத களப்பாளர் அப்படிப் பார்க்க, சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்ததென்றும், அவர் திருவெண்காடு சென்று நீராடிப் பெற்ற பிள்ளையே மெய்கண்டார் என்றும் சைவ மரபு சொல்கிறது. திருவெண்காடும் தரங்கம்பாடியும் ஒரே கடற்கரையில் இருக்கும் ஊர்கள்.

கதையிலிருந்து நடப்புக்கு வருகிறேன். குலுக்கல் நம் வாழ்க்கையை விட்டுப் போகவில்லை. தேர்தலில் இருவர் சம வாக்குப் பெற்றால் சீட்டுப் போட்டே வெற்றியை முடிவு செய்ய வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு. விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். இங்கெல்லாம் நான் முதலில் பார்ப்பது விண்ணப்பம் எத்தனை வீடுகளை எட்டியது என்பதை. இணையத்தில் பதியத் தெரியாத தாயின் குழந்தை, குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், குலுக்கலில் இல்லை.

தண்ணீரும் அப்படியே. காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைந்தது, 2007-இல் இறுதித் தீர்ப்புத் தந்தது. 2018-இல் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி. என்று வைத்தது. பிலிகுண்டுலுவில் நமக்கு வந்து சேர வேண்டியது 177.25. இவை இயல்பான மழை பெய்த ஆண்டின் கணக்கு. மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சண்டை. ஆற்றின் மேட்டில் இருப்பவர் ஒருநாளும் கீழே வரப்போவதில்லை. மாநிலங்களைக் கரை மாற்ற முடியாது. அதனால் நான் முன்பு சொன்ன அந்தக் காவல், நாளைக்கு நானும் கடைமடையில் நிற்கக்கூடும் என்ற அந்த நினைப்பு, அங்கே தானாக வராது. எழுதிவைத்த பங்கும் அளந்து பார்க்கும் ஆணையமும்தான் அதன் இடத்தில் நிற்க வேண்டும். ஆனால் மேட்டூருக்குக் கீழே, நமக்குள்ளே, முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் கடைமடைக்காரரை நாம் எப்படி நடத்துகிறோம்? வேதாரண்யம், கீழையூர், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உழவர்கள் சொல்லும் குறையைக் காதுகொடுத்துக் கேட்ட பிறகே கர்நாடகத்தைப் பற்றி நாம் பேசலாம் என்பது என் கருத்து. இதில் இங்குள்ள சிலருக்கு வருத்தம் இருக்கலாம். இருந்தாலும் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கரையீட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்ததும் கல்வெட்டுகளும்தான். பங்காளிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கரையோலைகள், பங்கு விற்ற ஓலைகள், பாகப்பிரிவினை ஏடுகள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் இருக்கக்கூடும். செல்லரித்தது, படிக்கத் தெரியவில்லை என்று போகியன்று எரித்துவிடாதீர்கள். இதே ஊரில் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓலை படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு இடத்திலும் இருக்கிறார்கள். மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேலை. மிராசுதாரர் வீட்டு ஓலைகளைத் தேடிப் போகிறவர்கள், அதே ஊரின் சேரித் தெருவுக்கும் போங்கள். பண்ணை வேலை பார்த்த முதியவர்களிடம், உங்கள் தாத்தா எந்தெந்த வயலை உழுதார், கூலி எந்த மரக்காலால் அளந்தார்கள், ஊர்க்காரர்கள் கூடி முடிவெடுத்த நாளில் உங்களை எங்கே நிற்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர்களிடம் ஓலை இருக்காது. சொல்வதைப் பதிவு செய்து, நாளும் ஊரும் குறித்து, அந்த ஓலைகளுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வையுங்கள்.